ஹெட்பேண்ட் எப்போது ஃபேஷன் ஆனது?

கேள்வி இது: "ஹெட்பேண்ட் 1920களில் வந்த ஃபேஷன் என்கிறார்கள். அதற்கு முன்பு யாரும் அணிந்ததில்லையா? ஒழிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் அது ஏன் திரும்பி வருகிறது?"

1920கள் என்பது பாதி சரி. தலையைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டும் வழக்கத்துக்குக் குறைந்தது நாலாயிரத்து ஐந்நூறு வயது ஆகிறது. ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பகுதி அது ஃபேஷனாக இருக்கவில்லை, அடையாளமாக இருந்தது. அரசன், போட்டியில் வென்றவன், பூசாரி, மணமானவள் என்று பார்த்தவுடன் தெரிவிக்கும் பட்டி அது. "எனக்குப் பிடித்திருக்கிறது" என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தி அதை எடுத்துக் கட்டிக்கொண்டு, அடுத்த வருடம் அலுத்துப்போய்க் கழற்றிப் போடும் நிலை, என் கணக்கில், 1800ஐ ஒட்டிய பாரிஸில்தான் வந்தது. 1920கள் இரண்டாவது அலை. அலை பெரியதாக இருந்ததாலும் அதற்குள் புகைப்படமும் சினிமாவும் வந்துவிட்டதாலும் அதுவே தொடக்கம் போலத் தெரிகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொருளை எந்த உடை வடிவமைப்பாளரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அது வேறு யாருடைய தலையிலிருந்தோ ஃபேஷனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யாருடைய தலை என்று பார்த்தால், ஏன் போகிறது, ஏன் வருகிறது என்பதும் விளங்கிவிடும்.

பழைய சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இன்றைய இராக்கில் உள்ள, 'ஊர்' என்றே பெயர் கொண்ட பழங்கால நகரத்தின் அரச கல்லறைகள். 1920களில் லியோனார்ட் வூலி அங்கே அகழ்ந்தபோது புவாபி என்ற அரசியின் தலையணி கிடைத்தது. கூந்தலைச் சுற்றிச் சுற்றி வந்த தங்க நாடா, அதன் மேல் தங்க இலைகளும் நீலக்கல்லும் செம்மணிகளும் கோத்த சரங்கள். அதே இடுகாட்டில், அரச மரணத்தோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பணிப்பெண்கள் கிடந்த ஒரு பெருங்குழியும் இருந்தது. அவர்களில் பலர் தலையில் தங்க நாடா கட்டியிருந்தார்கள். ஒரு பெண்ணின் இடுப்பருகே மட்டும் வெள்ளி நாடா ஒன்று சுருட்டியபடியே கிடந்தது. வர நேரமாகிவிட்டதால் அதைக் கட்டிக்கொள்ள அவளுக்கு அவகாசம் இல்லாமல் போயிருக்கலாம் என்று வூலி ஊகித்தார். ஊகம்தான். ஆனால் தலையில் நாடா இல்லாமல் அந்தச் சடங்குக்குப் போகக்கூடாது என்ற கட்டாயம் அதில் தெரிகிறது. அவள் விரும்பி வாங்கிய பொருள் இல்லை அது. சீருடையின் ஒரு பகுதி.

எகிப்திலும் இதே பழமை உண்டு. மெய்தூமில் 1871இல் கிடைத்த, நோஃப்ரெட் என்ற பெண்ணின் சிலையில், பொய்முடிக்கு மேலே பூ வேலைப்பாடு தீட்டிய பட்டி ஒன்று நெற்றியைச் சுற்றி ஓடுகிறது. நிறம் இன்றும் மங்கவில்லை. இன்றைய தலை ஒன்றின் மேல் அப்படியே வைத்தாலும் பொருந்தும்.

கிரேக்கத்தில்தான் கதை சுவாரசியமாகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாலிக்ளைடோஸ் வார்த்த 'டயடூமெனோஸ்' என்ற சிலை, போட்டியில் வென்ற இளைஞன் ஒருவன் இரண்டு கைகளையும் உயர்த்தித் தன் தலையில் நாடா கட்டிக்கொள்வதைக் காட்டுகிறது. மூலச் சிலை இல்லை, பிற்காலப் பிரதிகள் நிறைய உண்டு. டெல்ஃபியில் 1896இல் கிடைத்த வெண்கலத் தேரோட்டியின் தலையிலும் வெள்ளி பதித்த பட்டி இருக்கிறது. ஆக, விளையாட்டு வீரனும் ஹெட்பேண்டும் சேர்ந்தது டென்னிஸால் வந்த உறவு அல்ல. வேறுபாடு ஒன்றே: அன்று வென்ற பிறகு கட்டினார்கள், இன்று வெல்வதற்காகக் கட்டுகிறார்கள்.

பாரசீகத்தை வென்ற பிறகு அலெக்சாந்தர் வெள்ளைத் துணி நாடா ஒன்றைத் தலையில் கட்டிப் பின்னால் முடிச்சிட்டுக்கொண்டார். டயடம் என்று அதற்குப் பெயர். அவருக்குப் பின் வந்த அரசர்கள் எல்லாரும் அதையே பின்பற்றினார்கள். அவர்களுடைய நாணயங்களைப் பாருங்கள்: தங்கக் கிரீடம் இருக்காது, முடியைச் சுற்றிய ஒரு நாடாவும் கழுத்துக்குப் பின்னால் தொங்கும் இரண்டு முனைகளும்தான் இருக்கும். அரசு என்றால் அந்தத் துணிதான்.

அந்தத் துணிக்கு இருந்த கனத்தை ரோமில் பார்க்கலாம். கி.மு. 44, பிப்ரவரி 15, லூபர்காலியா திருவிழா. கூட்டத்துக்கு நடுவே மார்க் ஆண்டனி ஒரு டயடத்தை ஜூலியஸ் சீசரின் தலையில் வைக்க வந்தார். சீசர் மறுத்தார். மீண்டும் நீட்டினார், மீண்டும் மறுத்தார். கடைசியில் அதை ஜூபிடர் கோயிலுக்கு அனுப்பிவைத்தார். மறுத்தது உண்மையா நாடகமா என்று அன்றே ஊர் இரண்டுபட்டது. சீசரிடம் அதற்கு முன்பே வாழ்நாள் சர்வாதிகாரிப் பதவி இருந்தது, படை இருந்தது, பணம் இருந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்களால் தலையில் ஒரு முழத் துணியைப் பொறுக்க முடியவில்லை. சரியாக ஒரு மாதத்தில் அவரைக் குத்திக் கொன்றார்கள். ஒரே காரணம் அது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஹெட்பேண்ட் இவ்வளவு அரசியலைச் சுமந்தது அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்து இல்லை. அதே ரோமில் மணமான பெண்களும், வெஸ்டா தேவியின் பூசாரிகளான வெஸ்டல் கன்னிகளும் கம்பளி நாடா கட்டினார்கள். அதுவும் தகுதியைக் காட்டியதே தவிர அலங்காரம் அல்ல.

ஐரோப்பிய இடைக்காலத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். மணமான பெண் முடியை மூடிவைக்க வேண்டும் என்ற வழக்கம் வலுத்த காலம் அது. 13ஆம் நூற்றாண்டில் தாடைக்கு அடியில் ஒரு துணியும் நெற்றியைச் சுற்றி விறைப்பான பட்டியும் கட்டினார்கள். பட்டியின் வேலை முக்காட்டைப் பிடித்து நிறுத்துவது. முடி தெரியாத இடத்தில் ஹெட்பேண்டுக்கு வாழ்வு இல்லை. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியப் பெண்கள் முடியைத் திரும்ப வெளியே காட்டினார்கள். உடனே மெல்லிய நாடா நெற்றியில் ஏறியது. லியோனார்டோ 1490களில் தீட்டியதாகக் கருதப்படும், இன்று லூவரில் உள்ள 'லா பெல் ஃபெரோனியேர்' ஓவியத்தில் அந்தப் பெண்ணின் நெற்றி நடுவில் ஒரு சிறு கல் அப்படித்தான் நிற்கிறது. 1830களில் இந்த அணி அதே ஓவியத்தின் பெயரைத் தாங்கி மறுபடி ஃபேஷனுக்கு வந்து, சில ஆண்டுகளில் போயும் விட்டது.

இங்கே ஒரு கிளைக் கதை. 1786இல், ஸ்பெயினின் கையில் இருந்த லூயிசியானாவில், ஆளுநர் எஸ்தேபான் மிரோ ஓர் உத்தரவு போட்டார்: அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்கள் தலையில் நகையோ இறகோ சூடக்கூடாது, துணி கட்டித் தலையை மூட வேண்டும். அவர்களைத் தாழ்த்திக் காட்டுவதுதான் நோக்கம். அந்தப் பெண்கள் கண்ணைப் பறிக்கும் வண்ணத் துணிகளை வாங்கி, மடிப்பும் முடிச்சுமாக உயர்த்திக் கட்டி, தடையையே அலங்காரமாக மாற்றிவிட்டார்கள். தலைப்பாகைக் கதைதான் இது, ஹெட்பேண்ட் அல்ல. ஆனாலும் தலையில் கட்டிய அடையாளம் கட்டியவர்களின் கையில் எப்படி அழகாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

இனி 1800. ஹெர்குலேனியம், பொம்பேய் அகழாய்வுகள் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பழைய ரோமானியச் சுவரோவியங்களையும் சிலைகளையும் வெளிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. பிரெஞ்சுப் புரட்சியோ மாவு பூசிய உயரமான அரண்மனைக் கொண்டைகளை அவமானச் சின்னமாக ஆக்கிவிட்டது. பழைய கொண்டை போனதும் அந்த இடத்துக்கு ஏதாவது வந்தாக வேண்டுமே. குடியரசுக் காலத்துப் பெண்கள் பார்க்க வேண்டிய இடம் பழைய குடியரசுகள்தானே! மெல்லிய வெள்ளை உடை, கலைந்ததுபோல் சுருட்டிய முடி, அதைச் சுற்றி ஒரு நாடா. ஜாக்-லூயி டேவிட் 1800இல் தீட்டி முடிக்காமல் விட்ட மேடம் ரெகாமியேயின் ஓவியத்தில் இந்தக் கோலத்தைப் பார்க்கலாம்; தலையைச் சுற்றி ஒரு கறுப்பு நாடா மட்டும், நகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவர் அரசியும் அல்ல, வெஸ்டல் கன்னியும் அல்ல, வங்கிக்காரரின் மனைவி. சீசருக்கு உயிராபத்தாக இருந்த பொருளை அவர் சோபாவில் சாய்ந்தபடி சும்மா கட்டியிருக்கிறார். ஃபேஷன் என்று நான் சொல்வது இதைத்தான். நெப்போலியன் முடிசூட்டிக்கொண்டதும் இதே கோலம் டியாரா என்ற வைரம் பதித்த சிறு மகுடமாகக் கனத்துப்போனது வேறு விஷயம்.

அடுத்து வந்தது ஒரு குழந்தை. லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைகளுக்கு ஜான் டெனியல் படம் வரைந்தார். 1865இல் வந்த முதல் புத்தகத்தில் ஆலிஸின் தலையில் பட்டி கிடையாது; 1871இல் வந்த இரண்டாவதில் முடியைப் பின்னுக்குத் தள்ளும் நாடா ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் இன்றும் இதை ஆலிஸ் பேண்ட் என்றே கேட்டு வாங்குகிறார்கள். இதன் விளைவு பெரியது. நெற்றியில் கட்டுவது ராணித்தனம் என்றும், உச்சியில் செருகி முடியைப் பின்னால் தள்ளுவது பள்ளிச் சிறுமித்தனம் என்றும் இரண்டு குணங்கள் அதற்கு அமைந்தன. பிற்பாடு வந்த பல சண்டைகளுக்கு இதுதான் வேர். 1992 அமெரிக்கத் தேர்தல் பிரசாரத்தில் ஹிலாரி கிளின்டனின் ஹெட்பேண்டை அவருடைய கொள்கைகளுக்கு இணையாகப் பத்திரிகைகள் அலசின. வளர்ந்த, வாதாடத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் இதைப் போடலாமா என்பதுதான் அந்தக் கேலியின் உள்ளே இருந்த கேள்வி. அற்பம்தான், ஆனால் அவர் தலைமுடி அலங்காரத்தை மாற்றும் வரை ஓயவில்லை.

கேள்வியில் இருக்கும் 1920களுக்கு வருவோம். உண்மையில் அந்த அலை 1908ஐ ஒட்டியே எழுந்துவிட்டது. பாரிஸின் பால் புவாரே இடுப்பை இறுக்கும் கார்செட் என்ற உள்ளாடையை ஒதுக்கிவிட்டு நேராகத் தொங்கும் உடைகளைத் தைத்தார். அந்த ஆண்டு பால் இரிப் அவருக்காக வரைந்த ஆல்பத்தில் பெண்கள் தலையைச் சுற்றி அகலமான பட்டி கட்டியிருக்கிறார்கள். 1800இன் கோலத்தைத்தான் புவாரே தூசி தட்டி எடுத்தார். 1910இல் ரஷ்ய பாலே குழு பாரிஸில் 'ஷெஹரசாட்' ஆடியது. லியோன் பாக்ஸ்டின் கீழைநாட்டு உடைகளைப் பார்த்து நகரமே மயங்கியது. தலைப்பாகையும் பட்டியும் அதில் செங்குத்தாக நிற்கும் இறகும் விருந்துக்குப் போகும் பெண்களின் தலைக்கு ஏறின.

இதற்குள் முடி குறைய ஆரம்பித்திருந்தது. நடனக்காரி ஐரீன் காஸில் 1914 வாக்கில் தன் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார். வேகமாகச் சுழன்று ஆடும்போது குட்டை முடி பறந்தது. ஒரு முத்து மாலையை எடுத்து நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். பார்த்தவர்கள் அதைக் காஸில் பேண்ட் என்று அழைத்துத் தாங்களும் கட்டினார்கள்.

குட்டை முடிக்கும் ஹெட்பேண்டுக்கும் உள்ள உறவு வெறும் அழகு சார்ந்தது அல்ல. சீப்பணியும் கொண்டை ஊசியும் தொப்பி ஊசியும் நிற்க அடர்ந்த கூந்தல் வேண்டும். குத்திச் செருக இடம் வேண்டும். பட்டிக்கு மண்டை இருந்தால் போதும். கூந்தல் போனபோது சீப்பணித் தொழில் ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் சீப்பு நகரம் என்றே பெயர் வாங்கிய மாசசூசெட்ஸின் லெமின்ஸ்டருக்கு அது பெரிய அடி. அங்கே 1919இல் பெண்களின் முடி அணிகள் செய்யத் தொடங்கிய ஃபாஸ்டர் கிராண்ட் நிறுவனம் 1929இல் கறுப்புக் கண்ணாடி விற்கப் போய்விட்டது. இன்று கண்ணாடிக்காகவே அதன் பெயர் தெரியும்.

அந்தக் காலத்து வேடம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1920கள் என்றாலே நெற்றிப் பட்டியில் ஒரு பெரிய இறகைச் செருகிவிடுகிறார்கள். உயர்ந்து நிற்கும் இறகு பெரும்பாலும் 1910களின் சொத்து. 1920களின் நடுவில் பகலில் வெளியே போனால் காது வரை இறங்கும் க்ளோஷ் தொப்பிதான். பட்டி மாலை விருந்துக்கு உரியது. புருவத்துக்குச் சற்று மேலே, தாழக் கட்டுவார்கள். மணி, ஜரிகை, பணக்காரர்கள் என்றால் வைரம்.

பகல் வெளிச்சத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் சூசான் லெங்லென். ஆறு முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றவர். தொப்பியோ கார்செட்டோ இல்லாமல், ழான் படூ தைத்த குட்டைப் பாவாடையோடு, தலையைச் சுற்றி வண்ணப் பட்டுத் துணியை வரிந்து கட்டி ஆடினார். சில நாள் அதில் வைர ஊசியும் குத்தியிருக்கும். டெல்ஃபி தேரோட்டிக்குப் பிறகு விளையாட்டும் பகட்டும் ஒரே பட்டியில் சேர்ந்தது லெங்லெனிடம்தான் என்பேன். இன்றைய ஸ்போர்ட்ஸ் ஃபேஷன் முழுவதும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பட்டி தொழிற்சாலைக்குப் போனது. ஓடும் இயந்திரத்தில் முடி சிக்கினால் தலையோடு போகும். ஒரு கண்ணை மறைத்து முடி வழிய விடும் நடிகை வெரோனிகா லேக், அந்த அலங்காரத்தைப் பெண் தொழிலாளர்கள் பின்பற்ற வேண்டாம் என்பதற்காகத் தன் முடியையே எடுத்துக் கட்டிக் காட்டினார். 1943இல் ஜே. ஹோவர்ட் மில்லர் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக வரைந்த சுவரொட்டியில் சட்டைக் கையை மடித்துவிட்ட பெண்ணின் தலையில் புள்ளி போட்ட சிவப்புத் துணி இருக்கிறது. அன்று அது ஆலைக்குள் சில நாள் ஒட்டப்பட்ட சாதாரண அறிவிப்பு. உலகப் புகழ் அடைந்தது 1980களில். இன்று அந்தத் துணியைக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் போர் நினைவு எதுவும் கிடையாது.

1960களில் பிரிஜித் பார்தோ அகலமான துணிப் பட்டியை உச்சியில் போட்டு, பின்முடியைத் தூக்கி நிறுத்தினார். இதில் ஒரு தொழில் ரகசியமும் உண்டு. பின்பக்கம் மட்டும் வைக்கும் அரைப் பொய்முடி அப்போது மிகவும் பிரபலம். சொந்த முடியும் பொய்முடியும் சேரும் கோடு தெரியாமல் இருக்க அகலப் பட்டியை அதன் மேலேயே போட்டுவிடுவார்கள். அந்தக் காலத்துப் படங்களில் பட்டிக்கு முன்னால் இருக்கும் முடிக்கும் பின்னால் இருக்கும் முடிக்கும் பளபளப்பு வேறாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஹிப்பிகள் அதை மறுபடி நெற்றிக்கு இறக்கினார்கள். 1969 உட்ஸ்டாக் இசை விழா மேடையில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் நெற்றியில் இருந்த துணி எல்லாருக்கும் நினைவிருக்கும். நகரத்து வெள்ளைக்கார இளைஞர்கள் அமெரிக்கப் பழங்குடிகளின் கோலம் என்று எண்ணி மணி கோத்த பட்டிகளைக் கட்டிக்கொண்டார்கள். அப்பாச்சி இனத் தலைவர் ஜெரோனிமோவின் 1880களின் புகைப்படங்களில் அப்பாச்சி ஆண்கள் நெற்றியில் துணி கட்டியிருப்பது உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான வெவ்வேறு இனங்களை ஒரே பட்டிக்குள் அடக்கியது சினிமாவின் வேலை. இந்த அலையில் எனக்கு உடன்பாடு இல்லாத பகுதி இது.

பிறகு வியர்வையின் காலம். துவாலைத் துணியில் நூல் வளையம் வளையமாக நிற்பதால் பரப்பு அதிகம், அதனால் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டன் வென்ற பியோர்ன் போர்க் நீண்ட முடியோடு கோடு போட்ட பட்டி கட்டினார். எதிரே ஜான் மெக்கன்ரோ சிவப்புப் பட்டி. கூடைப்பந்தில் சியாட்டில் அணியின் ஸ்லிக் வாட்ஸ் மழித்த தலையில் பட்டியைச் சாய்த்துப் போட்டார். 1982இல் ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ வந்த பிறகு, வியர்க்காதவர்களும் வியர்வைப் பட்டி போட ஆரம்பித்தார்கள். ஒரு பொருள் ஃபேஷன் ஆகிவிட்டது என்பதற்கு அதுதான் சரியான அறிகுறி.

ஜிம் மெக்மஹன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1986 ஜனவரி. அவர் சிகாகோ பேர்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அடிடாஸ் பெயர் போட்ட பட்டியோடு ஆடியதற்காக அமெரிக்கக் கால்பந்து லீக்கின் தலைவர் பீட் ரோசெல் 5,000 டாலர் அபராதம் போட்டார். அடுத்த ஆட்டத்தில் மெக்மஹன் தலையில் ஒரு வெள்ளைப் பட்டி. அதில் கொட்டை எழுத்தில் 'ரோசெல்'. தலைவரே சிரித்துவிட்டார். அதற்கடுத்து வந்த சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் அறக்காரியங்களின் பெயர்களை எழுதிய பட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டார். நெற்றி என்பது விளம்பரப் பலகை என்று வியாபாரிகளுக்கு அன்று நன்றாகவே புரிந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1985இல், மெல்போர்னில் நடந்த ஒரு நடன விருந்துக்கு இளவரசி டயானா மரகதமும் வைரமும் பதித்த கழுத்தணியை நெற்றியில் கட்டிக்கொண்டு வந்தார். ராணி மேரிக்குச் சொந்தமாக இருந்த நகை. அரச பொக்கிஷம் டிஸ்கோவுக்குப் போகும் பெண்ணின் பட்டியாகிவிட்டது. ஐரீன் காஸில் முத்து மாலையை வைத்துச் செய்த அதே வேலைதான், எழுபது வருடம் கழித்து.

கடைசி அலை 2018. அந்த மே மாதம் மேகன் மார்க்கல் திருமணத்தில் அணிந்தது 1932இல் ராணி மேரிக்காகச் செய்த வைரப் பட்டி. ஜூலையில் இளவரசர் லூயியின் ஞானஸ்நானத்துக்கு கேட் மிடில்டன் உப்பலான வெள்ளைப் பட்டி அணிந்தார். செப்டம்பரில் மிலானில் ப்ராடா பஞ்சு வைத்துத் தைத்த சாட்டின் பட்டிகளை மேடையேற்றியது. ஓரிரு ஆண்டுகளில் எல்லா விலையிலும் அதன் நகல்கள் வந்துவிட்டன. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ராணி ஆன் பொலின் காலத்துப் பிறை வடிவத் தலையணியை நினைவுபடுத்தும் உயரம் அதற்கு. தொப்பி போட வேண்டிய இடத்தில் தொப்பியின் தொல்லை இல்லாமல் தப்பிக்க அது நல்ல வழி. அதனால்தான் அரச குடும்பத்துக்கும் பிடித்துப்போனது.

ஆண்கள் பக்கமோ நிலைமை இன்னும் சட்டம் பேசும் கட்டத்தில்தான் இருக்கிறது. சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியில் ஹெட்பேண்டே கூடாது என்று விதி இருந்தது. 2006இல் அதை மீறிக் கட்டி வந்த பென் வாலஸை ஆட்டத்தின் நடுவே வெளியே உட்காரவைத்தார்கள். 2019இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ முழுவதுமே பின்னால் முடிச்சிட்டு முனைகள் தொங்கும் 'நிஞ்ஜா' பட்டியைத் தடை செய்தது. வளையமாகத் தைத்தது போடலாம், முடிச்சுப் போட்டது கூடாது. அலெக்சாந்தரின் டயடம் இன்று அந்தத் திடலுக்குள் நுழைய முடியாது.